கைப்பேசி வாங்குமுன் இரு கேள்விகள்

பட்டுச்சேலை எடுக்கும் நம் அன்னையர் முந்தானையின் பகட்டை மட்டும் கண்டு மயங்குவதில்லை. சேலையைத் திருப்பி உட்புறத்தையும் பார்த்த பின்னரே விலை பேசுவார்கள். ஆரணிப் பட்டின் அருகே வாழும் தெள்ளார் மக்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் கைப்பேசிக் கடையில் மட்டும் அந்த விவேகத்தை மறந்துவிடுகிறோம். கேமராவையும் நிறத்தையும் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு உண்டு.

முதலாவது, பழுதானால் திறந்து சீர்செய்ய முடியுமா? தறியில் இழை அறுந்தால் முடிந்துவிட்டு மேலே நெய்கிறார்கள்; தறியையே எறிந்துவிடுவதில்லை. பல கைப்பேசிகளிலோ பேட்டரியைப் பசையால் ஒட்டி மூடிவிடுகிறார்கள். அது தளர்ந்ததும் புதிய கைப்பேசி வாங்கத் தோன்றுகிறது. வேறு வழி இல்லாமலில்லை. நெதர்லாந்து நாட்டு ஃபேர்ஃபோன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 'ஃபேர்ஃபோன் 5' கைப்பேசியில் பேட்டரியை வெறுங்கையால் கழற்றலாம். திரையைச் சாதாரணத் திருப்புளி கொண்டு மாற்றலாம். நம் மத்திய அரசும் 2022-இல் 'பழுதுநீக்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் தூக்கி எறியும் கலாச்சாரத்தைக் கண்டித்ததை இங்கு நினைவுகூர்வது நலம்.

இரண்டாவது, நம் அந்தரங்கத்தைக் காக்குமா? விளக்கெரிக்கும் சிறு செயலிகூட நம் தோழியரின் எண்களையும் நாம் இருக்கும் இடத்தையும் கேட்பதுண்டு. நாமும் யோசியாமல் சம்மதம் தந்துவிடுகிறோம். "மறைக்க ஒன்றுமில்லாதவளுக்கு இது எதற்கு?" என்பார் சிலர். வீட்டுக் கதவைத் தாழிடுவது திருட்டுப் பொருள் உள்ளே இருப்பதாலா? பெற்றோரிடம் மறைப்பதற்கன்று, அந்நியரிடமிருந்து காப்பதற்கே அந்தரங்கம் வேண்டும். பெண்பிள்ளையின் படம் ஒருமுறை அந்நியர் கைக்குப் போனால் மீட்பது எளிதன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

கைப்பேசியை நடத்தும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். அதையும் நாமே தெரிவு செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் 2023 ஜனவரியில் 'பாரோஸ்' என்னும் இயங்குதளத்தை அறிமுகம் செய்தது. நாம் கேளாத செயலிகள் அதில் முன்கூட்டியே திணிக்கப்படுவதில்லை. ஆனால் அது முதலில் இரகசியம் காக்க வேண்டிய அமைப்புகளுக்கே தரப்பட்டது. யாவரும் இலவசமாகப் பெறக்கூடிய 'லீனியேஜ்ஓஎஸ்' பல பழைய கைப்பேசிகளுக்குப் புத்துயிர் அளிக்கிறது. எனினும் எல்லாக் கைப்பேசியிலும் அதை நிறுவ முடியாது. சில வங்கிச் செயலிகள் அதில் இயங்க மறுப்பதும் உண்டு. விவரமறிந்தவர் துணையின்றி இதில் இறங்கலாகாது.

அதுவரை நம்மால் இயன்றதைச் செய்வோம். பேட்டரியும் திரையும் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும், மென்பொருள் பாதுகாப்பு எத்தனை ஆண்டு வரும் எனக் கேட்ட பின்னரே வாங்குவோம். தேவையற்ற அனுமதிகளை மறுப்போம். பழுதுபார்க்கக் கொடுக்குமுன் படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு அழிப்போம். தந்தை நாடா ஓட்டிச் சேர்த்த பணம் இரண்டே ஆண்டில் குப்பையாகலாமா? உட்புறத்தையும் பார்த்து வாங்கும் அன்னையின் கண் நமக்கும் வேண்டும்.