எல்லா நிலத்துக்கும் ஒரே சட்டையா?

மறைப்பு உடை மாயமந்திரமல்ல, தோழர்களே! கண் தேடுவது உருவத்தின் விளிம்பை. கறுத்தும் வெளுத்தும் மாறிவரும் திட்டுகள் அந்த விளிம்பை உடைக்கின்றன. வண்ணம் நிலத்தோடு இழைகிறது. மனிதனுக்கும் வண்டிக்கும் இதுவே விதி.

அமெரிக்கத் தரைப்படை 2004-ல் என்ன செய்தது? காடு, பாலை, நகரம் எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல்-பச்சை உடை என்றது! களத்தில் முழுதாகச் சோதித்தும் பார்க்கவில்லை. விளைவு? சின்னஞ்சிறு கட்டங்கள் தூரத்திலே ஒரே வெளிறிய நிறமாய்க் கலந்தன. ஆப்கானிஸ்தானத்துப் பழுப்பு மலையில் உடை மறைக்கவில்லை, காட்டிக்கொடுத்தது!

2010-ல் அங்கிருந்த வீரருக்கு வேறு உடை வந்தது. 2019-ல்தான் பழையதற்கு முழுக்கு.

மேசையிலே முடிவெடுத்தவர் யார்? மேட்டிலே மார்பு காட்டி நின்றவர் யார்? உடுத்துபவன் உயிரை எண்ணாமல் தைத்த சட்டை, சட்டையல்ல. குறிபார்ப்பவனுக்கு வைத்த அடையாளம்!