மூளை இருக்கு, கேபிள்தான் சரியில்லை!

ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு ஆர்டுயினோ போர்டு வாங்கிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் மாட்டினால் விளக்கு எரிகிறது, புரோகிராம் ஏறவில்லை. இரண்டு நாள் போராடி, 'எனக்கு மூளையே இல்லம்மா' என்று அழுது விட்டாள்.

பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் மாணவி பார்த்து, 'அத்தை, இது சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள். உள்ளே டேட்டா கம்பி கிடையாது' என்றாள். வேறு கேபிள் மாட்டியதும், மகள் சொன்னபடி விளக்கு கண் சிமிட்டியது! எலக்ட்ரானிக்ஸ் தெரியாத மாணவர்களும் பழகத்தான் 2005ல் இத்தாலியில் இந்தப் போர்டை உருவாக்கினார்களாம்.

1952லேயே அழகப்பா பொறியியல் கல்லூரி வந்த ஊர் நம் காரைக்குடி. இங்கு படிக்கும் அண்ணன், அக்காமார் ஞாயிறு ஒரு மணி நேரம் சின்னப் பிள்ளைகளுடன் உட்காரக் கூடாதா? எங்க வீட்டுப் பட்டாசாலை ரெடி. வெள்ளைப் பணியாரமும் உண்டு!

- ஒரு வாசகி, காரைக்குடி.