விமானியின் கையும் காற்றும்

செலுத்துவோன் இல்லாமலே விண்ணிற் செல்லும் ஊர்தியொன்றைப் புறநானூற்றிற் காண்கிறோம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடுமிடத்து, செய்வினை முடித்துப் புகழெய்திய சான்றோர்க்கு அத்தகைய ஊர்தி வாய்க்கும் என்கிறார். இதனைக் காட்டி, தானே இயங்கும் விமானத்தை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவார் உளர். அவ்வூர்தி உயிர் நீத்தோர்க்கு உரியது என்பதனை அவர் மறந்தனர் போலும். உடலோடு ஏறி உடலோடு இறங்க விரும்பும் நம்மனோர்க்குச் செலுத்துவோர் ஒருவர் வேண்டும். அவர் தம் கையால் எவ்வளவு செலுத்தவேண்டும், எவ்வளவைப் பொறியினிடம் விடவேண்டும் என்பதே இந்நாளில் விமானியர் தமக்குள் நிகழ்த்திவரும் வாதமாகும்.

இதனோடு வேறொரு வாதமும் அவர்களிடையே உண்டு. விமானம் ஓடுபாதையை அணுகுங்கால், கட்டுப்பாட்டுக் கோபுரத்தை நோக்கி, 'இப்பொழுது காற்று எப்படி?' என்று விமானி வினவுவார். இதற்கு 'விண்ட் செக்' என்று பெயர். இது வேண்டுவதோ, வீண் சடங்கோ என்பது அவ்வாதம். இரண்டனையும் வெவ்வேறு வழக்குகளாகவே பலரும் பேசுகின்றனர். அவை ஒரே வழக்கு என்பது எமது துணிபு.

முதலிற் காற்றினை நோக்குவோம். கோபுரத்தார் காற்றின் திசையையும் வேகத்தையும் சொல்வர். காற்று எங்கிருந்து வருகின்றதோ அதுவே அதன் திசை. தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் நாம் வழங்குவதும் இம்முறை பற்றியே. சொல்லப்படும் வேகமோ அக்கணத்து வேகமன்று. ஓடுபாதையருகே ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் நிறுவிய கருவி அளந்த 2 நிமிடச் சராசரி அது. விமானத்திலுள்ள கணிப்பொறியும் காற்றினைக் கணித்துக் காட்டும். ஆயினும் அது விமானம் பறக்கும் உயரத்துக் காற்று. 1,000 அடி உயரத்துக் காற்றும் தரைக்காற்றும் ஒத்திருத்தல் அரிது.

ஆதலின் ஒருசாரார், "கோபுரம் தருவது கடந்துபோன காற்று, கணிப்பொறி தருவது மேலிருக்கும் காற்று, இரண்டாலும் பயனில்லை. விமானம் கைக்கு அடங்கினால் இறங்குக, அடங்காவிடின் மீண்டும் மேலெழுக" என்பர். மற்றொரு சாரார், விதிநூல் வகுத்த எல்லையை மீறினோமில்லை என்பதற்கு அவ்வெண்ணே சான்று என்பர். மூன்றாமவரும் உளர். அவர் ஒருமுறை வினவி விடை தமக்கு ஒவ்வாதாக, மறுமுறை வினவுவர்; அதுவும் ஒவ்வாதாக, மூன்றாமுறையும் வினவுவர். காற்று ஒரு கணம் தணிந்து, எல்லைக்குட்பட்ட எண்ணொன்று காதில் விழுந்ததும் மகிழ்ந்து இறங்குவர். பவுலடிகளை ஏற்றிச் சென்ற கப்பலின் மாலுமிகளும் தென்றல் மெல்ல வீசக் கண்டு, கருதியது கைகூடிற்றென்று நங்கூரம் தூக்கினரன்றோ? பின்னர் யூரோக்கிலிதோன் வந்து மோதியதை அப்போஸ்தலர் நடபடிகள் படித்தோர் அறிவர். அறியும் பொருட்டு வினவுதல் வேறு. இசைவு பெறும் பொருட்டு வினவுதல் வேறு.

ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரில் 2008 மார்ச் 1ஆம் நாள் நிகழ்ந்தது இவ்விடத்து நினைக்கத்தக்கது. எம்மா எனப் பெயரிட்ட புயல் வீசிக்கொண்டிருந்தது. 137 பேருடன் வந்த ஏர்பஸ் 320 விமானம் 23ஆம் ஓடுபாதையில் இறங்க முயன்றது. ஓடுபாதையின் எண்ணைப் பத்தாற் பெருக்கின் அதன் திசைப்பாகை கிட்டும். எனவே அது 230 பாகை நோக்கியது. கோபுரம் சொன்ன காற்று 300 பாகையிலிருந்து 33 நாட். இடையிடையே சூறையாய் 47 நாட். நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம். இரு திசைகட்கும் இடைப்பட்ட கோணம் 70 பாகையாதலின், அக்காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 94 பங்கு குறுக்கே தாக்கும். கணக்கிடின் 31 நாட், சூறையில் 44 நாட் ஆகின்றது. அவ்வகை விமானம் குறுக்குக் காற்றில் இறங்கக்கூடும் எனச் சோதித்துக் காட்டப்பட்ட அளவோ 33 நாட், சூறையில் 38. 'சோதித்துக் காட்டிய அளவு' என்பது மீறலாகாத எல்லையா, வெறும் செய்தியா என்பதில் விமானியரிடையே ஒத்த கருத்தில்லை என்பது பின்னர் ஆய்ந்தோர் கண்ட உண்மை.

இடச்சிறகின் முனை ஓடுபாதையில் உராய்ந்தது. விமானம் உடனே மேலெழுந்து, பின்னர் 33ஆம் ஓடுபாதையில் நலமே இறங்கிற்று; ஒருவர்க்கும் ஊறில்லை. 300 பாகைக் காற்று 330 பாகைப் பாதைக்குக் குறுக்கே பாதியளவே தாக்கும் என்பதும் சிந்திக்கத்தக்கது. இவ்வாய்வில் வெளிவந்த வேறொன்று எம்மை மிகவும் வியப்பித்தது. ஒருபுறத்துச் சக்கரம் தரையிற் பட்டதும், விமானம் இறங்கிவிட்டது எனக் கணிப்பொறி கொண்டது. சிறகினை நிமிர்த்த விமானி கைப்பிடியை முழுதும் சாய்த்தும், அதன் பயன் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. இங்ஙனம் நேரும் என்பது விமானியர்க்குச் சொல்லப்படவில்லை. தம் கையில் உள்ளதெனக் கருதியதிற் பாதி அவர் கையில் இல்லை.

இனிப் பொறியைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. மூடுபனியில் ஓடுபாதை கண்ணுக்குப் புலனாகாதபோது தானியங்கியே இறக்குகின்றது. 1965ஆம் ஆண்டு லண்டன் நகரில் டிரைடென்ட் விமானம் பயணிகளுடன் அவ்வாறு இறங்கியது முதலாக, அது செய்துவரும் நன்மை அளவிடற்கரியது. ஆயின் ஏர்பஸ் 320இல் தானியங்கி இறக்குதற்கு விதித்த குறுக்குக் காற்றின் எல்லை 20 நாட். அதற்கு மேல் வீசின் விமானியின் கையே இறக்கவேண்டும். பனி பொதுவாகக் காற்றடங்கிய வேளையிற் படிவது. பொறி அங்கு வல்லது. காற்று மிக்க நாளிற் பொறி ஒதுங்கிக்கொண்டு, 'நீரே இறக்கும்' என்கின்றது. நாள்தோறும் பொறியிடம் விட்டுவிட்டு, கொடிய நாளில் மட்டும் கையை எடுப்பவர்க்கு அக்கை எவ்வாறு உதவும்?

இரு வழக்கும் ஒன்றே என்றோம். விளக்குதும். போயிங் விமானங்கள் பலவற்றில், எஞ்சின் விசையைப் பொறியே காத்துவருமாயின் அணுகுவேகத்தோடு 5 நாட் கூட்டினாற் போதும். விமானியே விசையைக் கையாளுவாராயின் எதிர்க்காற்றிற் பாதியும், சூறையின் மிகுதி முழுவதும் ஓர் எல்லைக்குட்படக் கூட்டுதல் வேண்டும். கையால் ஓட்டுபவர் காற்றை வினவுவது இக்கணக்கிற்காக. வினவாமல் அவரால் ஓட்ட இயலாது. பொறியிடம் விட்டவர்க்கு எந்தக் காற்றாயினும் அதே ஐந்து. அவர் வினவுவது நாளடைவில் வெறுஞ் சொல்லாகி, விடையைச் செவி கேட்கும், மனம் கேளாது. சடங்கென்று பழிப்போர் கண்டது இதனையே. ஆயின் நோய் வினவுதலில் இல்லை.

2013 ஜூலை 6ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் வானம் தெளிந்திருந்தது, காற்றும் மெல்லியதே. இறங்குசரிவினைக் காட்டும் வானொலிக் கற்றை ஓடுபாதை வேலை காரணமாக நிறுத்தப்பட்டிருந்தமையால், ஆசியானா கம்பெனியின் போயிங் 777 விமானத்தைக் கண்ணால் நோக்கியே இறக்கவேண்டியதாயிற்று. வேகத்தைப் பொறி காத்துவரும் என விமானியர் நம்பினர். தாம் சற்றுமுன் செய்த தெரிவினால் அப்பொறி செயலற்று நின்றதை உணர்ந்திலர். 137 நாட் இருக்கவேண்டிய வேகம் 103 ஆக வீழ்ந்தது. வாற்புறம் கடற்சுவரில் மோதியது. விமானத்திலிருந்த 307 பேரில் மூவர் மாண்டனர். மூவரும் எம்மினும் இளைய பள்ளி மாணவியர். கையால் ஓட்டும் பழக்கத்தை விமானியரிடம் வளர்க்குமாறு அமெரிக்க விமானத்துறை கம்பெனிகட்கு அறிவுறுத்தியது அதே ஆண்டு ஜனவரியில். ஆறு திங்கள் முன்னர்.

எதிர்வாதம் செய்வோர் சொல்வதிலும் பொருளுண்டு. களைப்புற்ற விமானி, நெருக்கமான விமான நிலையம், நள்ளிரவு. இவ்வேளைகளிற் கையால் ஓட்டுதல் துணைவிமானியின் சுமையையும் பெருக்கும். அதனை மறுக்கிலேம். ஆனால் வானம் தெளிந்து போக்குவரத்துக் குறைந்த நாளிலும் பலர் பொறியை விடாதிருப்பதற்குக் காரணம் வேறு. விமானத்தின் ஒவ்வோர் அசைவும் பதிவாகின்றது. கை சிறிது பிசகின் மறுநாள் அலுவலகத்தில் விடை கூறவேண்டும். பொறியிடம் விட்டவரை எவரும் வினவார். இவ்வச்சம் உள்ளவரை அறிவுறுத்தல் எத்தனை அனுப்பியும் என்ன பயன்?

பயிற்சிப் பொறி உளதே எனின், ஆண்டிற்குச் சில நாள் அதில் அமர்வது மெய்யே. அங்குச் சூறையும் உண்டாக்கிக் காட்டுவர். ஆயினும் அதனை எதிர்பார்த்தே சென்று அமர்கின்றனர். தெளிந்த நாளில், மெல்லிய காற்றில், பயணிகள் அறியாமலே விமானி தானியங்கியை நிறுத்தி, 10,000 அடியிலிருந்து தரைவரை தம் கையாலேயே கொணர்வதற்குக் கம்பெனிகள் வெளிப்படையாக இடம் கொடுத்தல் வேண்டும். அந்நாளிற் சிறிது பிசகினும் குற்றமாக எழுதலாகாது. பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் யாம் அதனால் நேரும் சிறு குலுக்கலைப் பொறுத்துக்கொள்வோம்.