சீனியை நிறுத்தினால் மட்டும் போதுமா?



"தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்தி ஒரு வருடமாகிறது. அப்படியிருந்தும் கிளினிக்கில் இரத்தச் சீனி குறையவில்லை என்கிறார்கள். ஏன்?" கிராமங்களில் பெண்களைச் சந்திக்கும் போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி இது. இம்முறை இதைப் பற்றியே எழுதுகிறேன்.

சீனி நல்லதல்ல என்பது உண்மைதான். தட்டையாக அள்ளிய 1 தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். ஒரு தேத்தண்ணிக்கு 2 கரண்டிப்படி நாளுக்கு நான்கு தேத்தண்ணி குடித்தால் 32 கிராம். சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைத்திருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு கூறியது. தேத்தண்ணியிலேயே அந்த அளவு தாண்டிவிடுகிறது. பனங்கட்டியும் தேனும் கூடச் சீனி வகைதான். அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் சோறு, பாண், பிட்டு, இடியப்பம், றொட்டி, மரவள்ளிக் கிழங்கு எல்லாவற்றிலும் உள்ள மாப்பொருளும் வயிற்றில் சமித்து இரத்தத்தில் சீனியாகவே சேருகிறது. ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறைந்த சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாப்பொருள் உண்டு. தேத்தண்ணியில் 8 கிராமை நிறுத்திவிட்டு மத்தியானம் மூன்று கோப்பைச் சோறு சாப்பிட்டால் இரத்தச் சீனி எப்படிக் குறையும்?

எங்கள் பெண்கள் அதிகம் சோறு சாப்பிடுவது ஆசையினால் அல்ல. இடம்பெயர்ந்திருந்த காலங்களில் நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். அவற்றைக் கொண்டுதான் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பினோம். மீள்குடியேறிய பின்பும் பல வீடுகளில் அந்தப் பழக்கம் மாறவில்லை. அத்தோடு, மீன் துண்டும் முட்டையும் பிள்ளைகளுக்கு, கடைசியாகச் சாப்பிடும் தாய்க்கு மிஞ்சிய சோறும் சொதியும் என்றாகிவிட்டது. குடும்பத்தைத் தனியே சுமக்கும் தாய்மாரிடம் இதை அதிகம் காண்கிறேன். தாய் படுத்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்பெரிக்க யார் இருக்கிறார்கள்? சட்டியில் உங்கள் பங்கையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். இது சுயநலம் அல்ல.

செலவில்லாமல் என்ன செய்யலாம்?

கோப்பையில் அரைவாசிக்குக் கீரையும் மரக்கறியும், கால்வாசிக்குப் பருப்பு, பயறு, கடலை, மீன், முட்டை என்பவற்றில் ஒன்று, மீதிக் கால்வாசிக்கே சோறு. வேலியில் நிற்கும் முருங்கையிலையும் கிணற்றடியில் முளைக்கும் வல்லாரையும் பொன்னாங்காணியும் காசில்லாமல் கிடைப்பவை. நெத்தலியும் சூடையும் பெரிய மீனுக்குக் குறைந்தவை அல்ல.

ஒரு நேரத்தில் ஒரு மாப்பொருள் போதும். சோற்றோடு உருளைக்கிழங்குக் கறியும் மரவள்ளியும் சேர வேண்டாம். பிட்டை வாழைப்பழமும் சீனியும் போட்டுக் குழைக்காமல் கீரையோடோ கடலைக் கறியோடோ சாப்பிடுங்கள்.

தீட்டாத சிவப்பரிசியும் குரக்கனும் நார்ச்சத்து உள்ளவை. ஆனால் குரக்கன் பிட்டென்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பது தவறு. அதிலும் மாப்பொருள் உண்டு. அளவுதான் முக்கியம்.

கடையில் சோடா, பழரசம் வாங்கும்போது போத்தலில் உள்ள நிற வட்டத்தைப் பாருங்கள். 2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் இது நடைமுறையில் உள்ளது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கும் நிறம் தெரியும். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொரு விடயம். சீனியைக் குறைக்கவென்று பட்டினி கிடக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்களும் சிலவகைக் குளிசை எடுப்பவர்களும் சாப்பிடாமல் கூலி வேலைக்குப் போனால் இரத்தச் சீனி அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். அப்போது உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சுகப்படாவிட்டால் மீண்டும் அதே அளவு குடித்து, பின் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். உணவைக் குறைத்துவிட்டோம் என்று குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அதை டொக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

யுத்தத்தில் ஒரு காலை இழந்த சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீரிழிவு நாட்பட்டால் பாதத்தின் உணர்ச்சி குறையும். முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆறவும் நாளெடுக்கும். உங்களுக்கு மிஞ்சியிருக்கும் காலைக் காப்பாற்ற வேண்டும். தினமும் இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். செயற்கைக்கால் உரசும் இடத்தையும் பாருங்கள். செருப்பில்லாமல் முற்றத்தில்கூட நடக்க வேண்டாம்.

வருத்தம் தெரியாதவர்களும் 35 வயதாகிவிட்டால் ஒரு முறை சோதித்துக் கொள்ளுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இதற்குப் பணம் வாங்குவதில்லை. வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தத்தில் சீனி 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126ம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவாக இருக்கலாம், மீண்டும் சோதித்து உறுதி செய்வார்கள். கர்ப்பகாலத்தில் சீனி கூடியிருந்தவர்கள் வயதைப் பார்க்காமல் சோதிக்க வேண்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. இந்த வாரம் சோற்றில் ஒரு அகப்பையைக் குறைத்து ஒரு அகப்பைக் கீரையைக் கூட்டுங்கள். அடுத்த வாரம் தேத்தண்ணியில் அரைக் கரண்டியைக் குறையுங்கள். நாக்கு மெல்ல மெல்லப் பழகிவிடும்.