24 மணி நேரத்தில் 24 பக்கம்!

ஒரே நாளில் ஒரு படக்கதைப் புத்தகத்தை முடிக்க முடியுமா?

கதையை நீங்களே யோசிக்க வேண்டும். படத்தை நீங்களே போட வேண்டும். படத்தில் இருப்பவர்கள் பேசும் பேச்சையும் நீங்களே எழுத வேண்டும். மொத்தம் 24 பக்கம். நேரம் 24 மணி. அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடக் கிடையாது.

"இது என்ன பைத்தியக்காரத்தனம்!" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு அதைப்பற்றிப் படித்தேன். யோசித்தேன். என் எண்ணம் மாறிவிட்டது. இது நல்ல பைத்தியம். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் ஒளிந்து இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நத்தைகள்

அமெரிக்காவில் இரண்டு நண்பர்கள். ஒருவர் ஸ்காட் மெக்கிளவுட். மற்றவர் ஸ்டீவ் பிஸெட். இருவரும் படக்கதை ஓவியர்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் இருவருக்கும் ஒரே குறை. வேலை நத்தை வேகத்தில்தான் நடக்கும்!

பிஸெட், "சுவாம்ப் திங்" என்ற படக்கதைக்குப் படம் போட்டுப் பெயர் வாங்கியவர். சதுப்பு நிலத்தில் வாழும் ஒரு விசித்திரப் பிறவியின் கதை அது. உடம்பெல்லாம் செடியும் கொடியும் வேருமாக இருக்கும். அதை வரைவது என்றால் சும்மாவா?

1990-ம் ஆண்டில் மெக்கிளவுட், நண்பருக்கு ஒரு சவால் விட்டார். 24 மணி நேரத்தில் 24 பக்கம் வரைய வேண்டும். நானும் வரைகிறேன், நீயும் வரைய வேண்டும். இதுதான் சவால்.

அந்த ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி மெக்கிளவுட் தன் கதையை முடித்தார். "ஒரு நாள் வேலை" என்று அதற்குப் பெயர் வைத்தார். செப்டம்பர் 5-ந் தேதி பிஸெட்டும் முடித்தார். நத்தைகள் இரண்டும் ஓடிக் காட்டிவிட்டன!

இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிய வேண்டுமானால் ஒரு கணக்குப் போடுங்கள். அமெரிக்காவில் மாதம் ஒரு முறை வரும் படக்கதை இதழில் 20 பக்கத்துக்குக் குறையாமல் கதை இருக்கும். அதற்கு ஒரு மாதம் பிடிக்கும். அதுவும் ஒரே ஆள் செய்வது இல்லை. கதை எழுத ஒருவர். பென்சிலால் வரைய ஒருவர். அதன் மேல் மை போட ஒருவர். எழுத்து எழுத ஒருவர். வண்ணம் தீட்ட ஒருவர். இத்தனை பேர் ஒரு மாதம் செய்கிற வேலையை, வண்ணத்தை மட்டும் விட்டுவிட்டு, ஒரே ஆள் ஒரே நாளில் செய்கிறார்.

இரண்டு பேருடைய விளையாட்டு மெல்ல மெல்லப் பரவியது. 2004-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதியை இதற்கு என்றே ஒரு நாளாக வைத்துக் கொண்டாடினார்கள். நாட் கெர்ட்லர் என்ற பதிப்பாளர் ஏற்பாடு செய்தார். படக்கதை விற்கும் கடைகள் இரவு முழுவதும் திறந்து இருந்தன. ஓவியர்கள் கடைக்குள்ளேயே உட்கார்ந்து வரைந்தார்கள். பிறகு அந்த நாள் அக்டோபர் மாதத்துக்கு மாறியது. பிரான்சில் படக்கதைத் திருவிழாவுக்குப் பெயர் போன ஊர் அங்குலேம். அங்கேயும் 2007-ல் இந்தப் போட்டியைத் தொடங்கினார்கள்.

கதையைத் தயார் செய்யாதே!

இந்தச் சவாலில் ஒரு விதி இருக்கிறது. மற்ற விதிகளை எல்லாம் விட அதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

முன்கூட்டி எதுவும் வரையக் கூடாது. கதைச் சுருக்கம் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. கதாநாயகன் முகம் எப்படி இருக்கும் என்று கூட வரைந்து பார்க்கக் கூடாது. காகிதம், பேனா, மை, சாப்பாடு, பாட்டுக் கேட்கும் பெட்டி, பார்த்து வரைவதற்கான படங்கள் - இவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

பேனா காகிதத்தில் பட்ட நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கும். பிறகு நிற்காது. சாப்பிட்டாலும் ஓடும். தூங்கினாலும் ஓடும். எழுத்துப் பிழை திருத்துவது கூட அந்த 24 மணி நேரத்துக்குள்தான்.

"கொஞ்சம் யோசித்து வைத்துக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று சிலர் கேட்கலாம். முழுகிவிடும் என்றுதான் சொல்வேன்.

நம்மில் எத்தனை பேர், "என்றைக்காவது ஒரு கதை எழுதப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே காலம் கழிக்கிறோம்! மனத்துக்குள் கதை இருக்கிறது. அது ரொம்ப அழகாக இருக்கிறது. காகிதத்தில் எழுதினால் அந்த அழகு போய்விடுமோ என்று பயம். அதனால் எழுதுவது இல்லை. படம் வரைகிறவர்களுக்கோ இந்தப் பயம் இரண்டு மடங்கு. வரைவார்கள். பிடிக்காது. ரப்பரால் அழிப்பார்கள். மறுபடியும் வரைவார்கள். மறுபடியும் அழிப்பார்கள். காகிதம் தேய்ந்து ஓட்டை விழும். முதல் பக்கம் முடிந்து இருக்காது.

ஒரு மணிக்கு ஒரு பக்கம் என்றால் அழித்துக்கொண்டு இருக்க முடியுமா? மூக்கு கோணலாக இருக்கிறதா? இருக்கட்டும், அடுத்த கட்டத்துக்குப் போ! ரப்பரைக் கையில் இருந்து பிடுங்குவதுதான் இந்தச் சவால். முன்கூட்டியே கதையைத் தயார் செய்துகொண்டு வருகிறவர், ரப்பரை மடியில் மறைத்துக்கொண்டு வருகிறார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார். பரிசா, பணமா, எதுவும் இல்லாத பந்தயத்தில் கள்ள ஆட்டம் எதற்கு?

முன்கூட்டியே காகிதத்தில் கட்டம் போட்டு வைத்துக்கொள்ளலாமா? அதுவும் வரைவதுதான் என்பது என் கட்சி. மற்றவர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம்.

சட்டையில் கோடு வேண்டாம்

பக்கத்துக்கு 6 கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பக்கத்துக்கு 144 கட்டம். ஒரு கட்டத்துக்கு 10 நிமிடம். சாப்பாடு, காப்பி, கொட்டாவி எல்லாம் அதற்குள்தான்.

ஆகையால் கதாநாயகனுக்குக் கட்டம் போட்ட சட்டை மாட்டிவிடாதீர்கள். முதல் பக்கத்தில் அழகாக இருக்கும். நடுராத்திரியில் நூறாவது தடவையாக அந்தச் சட்டையை வரையும்போது அழுகை வரும். வெள்ளைச் சட்டை போதும். சுருட்டை முடி வேண்டாம். மொட்டை என்றால் மிகவும் நல்லது! ஆயிரம் பேர் கூடும் சந்தை, குதிரைப்படை, தேர்த்திருவிழா - இவற்றின் பக்கமே போகக் கூடாது. பாலைவனம், பனி மூட்டம், நிலா இல்லாத இரவு, இவையே உற்ற துணை. இருட்டில் நடக்கும் கதை என்றால் மை செலவாகும். நேரம் மிச்சமாகும்.

பேச்சை முதலில் எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் படம். அவசரத்தில் படத்தை முதலில் போட்டுவிட்டால் பேச்சுக்கு இடம் இருக்காது. கதாநாயகன் தலைமேல் எழுத வேண்டி வரும்.

24 பக்கத்துக்கும் முதலில் பென்சிலால் வரைந்துவிட்டுப் பிறகு மை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கமாக மை போட்டு முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வழிதான் நல்லது என்பேன். எந்த நேரத்தில் விழுந்தாலும், அதுவரை முடித்த பக்கங்கள் கையில் இருக்குமே!

சமையல் வேலையை முதல் நாளே முடித்துவிட வேண்டும். பகலில் வயிறு நிறையச் சாப்பிட்டால் மாலையே தூக்கம் கண்ணைச் சுழற்றும். அரை வயிற்றுச் சாப்பாடாக, அடிக்கடி. கையில் எண்ணெய் ஒட்டாத பண்டமாக இருக்கட்டும். பஜ்ஜி சாப்பிட்ட கையோடு காகிதத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை. மணிக்கு ஒரு முறை எழுந்து கை விரல்களை நீட்டி மடக்க வேண்டும். பேனாவை இறுக்கிப் பிடித்தால் பாதி வழியிலேயே மணிக்கட்டு வலிக்கும்.

பேய் நேரம்

காலை 8 மணிக்குத் தொடங்கினால் இரவு 12 மணி வரை உற்சாகமாகவே போகும். அதற்கு அப்புறம்தான் சோதனை.

இரவு 2 மணியில் இருந்து 5 மணி வரை உடம்புச் சூடு குறைகிறது. தூக்கம் உச்சத்துக்கு வருகிறது. எவ்வளவு திடமான ஆளாக இருந்தாலும் சரி, உடம்பின் கடிகாரம் அப்படித்தான் அமைந்து இருக்கிறது. அந்த நேரத்தில் கதாநாயகன் பெயரே மறந்துபோகும். இடது கையில் இருந்த வாள் வலது கைக்கு மாறிவிடும்.

காப்பி குடிக்கலாம். ஆனால் குடித்த உடனே வேலை செய்யாது. அரை மணி நேரம் பிடிக்கும். டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டால் கை நடுங்கும். கோடு நெளியும். அதைவிட 20 நிமிடம் படுத்து எழுவது மேல். எழுப்பிவிட ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விழிக்கும்போது சூரியன் உச்சியில் நிற்கும்!

13 பக்கத்தோடு நின்றவர்

எல்லோரும் முடித்துவிட்டார்களா? இல்லை.

நீல் கெய்மன் உலகப் புகழ் பெற்ற ஆங்கில எழுத்தாளர். படக்கதைகளுக்கு எழுதிப் பெயர் வாங்கியவர். அவரே வரைந்து பார்த்தார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவரின் கதை. 24 மணி நேரம் முடிந்தபோது 13 பக்கம்தான் வந்து இருந்தது. அதோடு கதையை முடித்துவிட்டார். கெவின் ஈஸ்ட்மன் வேறு ரகம். ஆமை வீரர்கள் படக்கதையை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். நேரம் முடிந்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 24 பக்கமும் முடியும் வரை வரைந்துகொண்டே இருந்தார்.

மெக்கிளவுட் இருவரையும் ஒதுக்கிவிடவில்லை. "கண்ணியமான தோல்வி" என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். நேரம் முடிந்ததும் நிறுத்துவது கெய்மன் வழி. முடியும் வரை வரைவது ஈஸ்ட்மன் வழி. தோற்றவர்களின் பெயரை விதிப் புத்தகத்திலேயே எழுதி வைத்த பந்தயம் வேறு எங்காவது உண்டா? எனக்கு இந்தப் பந்தயத்தைப் பிடித்துப் போனதற்கு இதுவே முதல் காரணம்.

"இப்போதுதான் கம்ப்யூட்டரிடம் ஒரு வரி சொன்னால் நொடியில் படம் போட்டுத் தருகிறதே, ஒரு ராத்திரித் தூக்கத்தை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மாரத்தான் ஓட்டம் 42 கிலோ மீட்டர். பஸ்சில் ஏறினால் காலாட்டிக்கொண்டே போய் இறங்கலாம். ஆனாலும் ஆயிரக்கணக்கான பேர் ஓடுகிறார்களே, ஏன்? கம்ப்யூட்டரில் வரைவதையும் இந்தச் சவால் தடுக்கவில்லை. ஆனால் வரைவது நீங்களாக இருக்க வேண்டும்.

பெற்றோர்களே, கவனியுங்கள்

ஆபத்து என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அதற்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். 24 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களுக்குக் கையும் கண்ணும் எப்படி ஒத்துழைக்கின்றன என்று பார்த்தார்கள். நன்றாக மது குடித்தவர் எப்படித் தடுமாறுவாரோ, அப்படித் தடுமாறினார்கள்! பல நாடுகளில் அந்த அளவு குடித்துவிட்டுக் கார் ஓட்டினால் போலீசார் பிடித்துக்கொண்டு போவார்கள்.

ஆகவே வரைந்து முடித்தவர் ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. கார் ஓட்டக் கூடாது. வேறு இடத்தில் உட்கார்ந்து வரைந்தால், வீட்டுக்கு அழைத்து வர ஒருவர் போக வேண்டும். இதை வரைவதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிட வேண்டும். முடித்த பிறகு யோசிக்க மூளை இருக்காது. காக்காய் வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம். அவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆசைப்பட்டால்? முழு இரவு வேண்டாம். காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை, 8 மணி நேரத்தில் 8 பக்கம் வரையட்டும். முன்கூட்டி யோசிக்கக் கூடாது என்ற விதி மட்டும் இருக்கட்டும். சவாலின் சாரம் அதில் வந்துவிடுகிறது. தூக்கம் கெடுவதில் ஒரு பெருமையும் இல்லை.

வளர்ந்த பிள்ளை வரைய உட்கார்ந்தால், "ஏண்டா, விடிய விடிய விளக்கைப் போட்டுக்கொண்டு என்ன பண்ணுகிறாய்? சோறு போடுமா இது?" என்று கேட்காதீர்கள். வருடத்தில் ஒரு நாள்தானே! இரவு 3 மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் வையுங்கள். கதை எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் அது அவனுக்கே தெரியாது.

காலையில் கடைசிப் பக்கத்தில் மை காயும் முன்பே ஓடி வந்து, "அம்மா, பார்!" என்று நீட்டுவான். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, அவனைப் படுக்கச் சொல்லுங்கள். அவன் எழுவதற்கு மாலை ஆகிவிடும். அதற்குள் 24 பக்கத்தையும் நீங்கள் படித்து முடித்துவிடலாம்.