தீ அணைந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி

அடுக்குமாடி வீடொன்றில் தீப்பிடித்து அணைந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி, "எப்போது வீட்டுக்குத் திரும்பலாம்?" என்பதுதான். கரியைக் கழுவி, சுவருக்குச் சாயம் பூசிக் குடியேறிவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று: தூணும் உத்திரமும் தளமும் பழைய பாரத்தை இன்னும் தாங்குமா?

பினாங்கு மக்களுக்கு இது தொலைதூரத்துக் கேள்வி அல்ல. ஜோர்ஜ்டவுனின் அடையாளமான கொம்தார் கோபுரத்திலேயே, கட்டுமானம் முடியும் தறுவாயில், 1983 ஜனவரியில் மேல்மாடிகளில் தீப்பற்றியது. கோபுரம் நிலைத்து நின்றது, இன்றும் நிற்கிறது. சென்னை அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடமும் 1975இல் தீக்கு இரையாகிப் பின்னர் சீர்செய்யப்பட்டு இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால், அதே சென்னையில் 2017 மே 31 அதிகாலை தியாகராய நகரின் 'சென்னை சில்க்ஸ்' கடையில் பற்றிய தீ ஒரு நாளுக்கும் மேலாக எரிந்தது. மறுநாள் விடிவதற்குள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. எஞ்சியதை இடிக்க வேண்டியதாயிற்று.

கான்கிரீட் எரியாது. வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். கட்டடப் பொருள்களுக்கான தரப்படுத்தப்பட்ட தீச்சோதனையில் உலையின் வெப்பம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 945 டிகிரி செல்சியஸை எட்டும். அப்போதும் தடித்த தூணின் நடுப்பகுதி அந்தச் சூட்டுக்கு வெகு கீழேதான் இருக்கும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைக் காப்பது, அதன்மேல் உள்ள சில சென்டிமீட்டர் கான்கிரீட் மூடல்தான். உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகி வெளியேற வழியின்றித் திணறும்போது அந்த மூடல் வெடித்துச் சிதறலாம். பிறகு கம்பி நேரடியாகச் சூடேறும். சுமார் 600 டிகிரியில் கம்பி தன் வலுவில் பாதியை இழந்துவிடும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. சாதாரணக் கட்டுமானக் கம்பி, வெப்பம் எல்லை மீறாதிருந்தால், ஆறியதும் இழந்த வலுவில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும். கான்கிரீட் அப்படியல்ல. 300 டிகிரியைத் தாண்டியதும் அது இழக்கும் வலு திரும்புவதில்லை. 400 டிகிரிக்கு மேல் சிமெண்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு, நீரை இழந்து கால்சியம் ஆக்சைடாகிறது. தீ அணைந்த பிறகு அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிந்து, புதிய விரிசல்களை உண்டாக்குகிறது. வேதியியல் பாடத்தில் படிக்கும் அதே சமன்பாடுதான் இது. தீ அணைந்த நாளில் உறுதியாகத் தெரிந்த தளம், சில வாரங்களில் மேலும் பலவீனப்படலாம்.

தீயின் தடயத்தைக் கான்கிரீட்டே சொல்லும். பலவகைக் கான்கிரீட், 300 டிகிரியைக் கடக்கும்போது இளஞ்சிவப்பாக மாறும். 600க்கு மேல் வெளிறிச் சாம்பல் நிறமாகும். அந்தச் சிவப்பு எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதை வைத்து, வெப்பம் எதுவரை ஊடுருவியது என்று பொறியியலாளர் கணிப்பார். சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்பார். மீயொலி அலையைச் செலுத்தி அதன் வேகத்தை அளப்பார். ஐயமுள்ள இடத்தில் உருளை வடிவ மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். நாம் அவசரமாகப் பூசும் சிமெண்டுப் பூச்சும் சாயமும் இந்தத் தடயங்களைத்தான் மறைத்துவிடுகின்றன.

ஒரு கட்டடம் எத்தனை மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட துணைச் சட்டங்கள் வகுத்திருக்கின்றன. அது தீக்கு முந்தைய பாதுகாப்பு. தீக்குப் பிந்தைய பாதுகாப்புக்கும் அதே அக்கறை வேண்டும் என்பதே என் வாதம். தீப்பிடித்த வீட்டின் கூரை, மேல்வீட்டுக்காரரின் தரை. ஆகவே இது ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரம் அன்று. பெரிய தீக்குப் பிறகு, கட்டமைப்புப் பொறியியலாளரின் எழுத்துப்பூர்வ அறிக்கை வரும்வரை, பாதிக்கப்பட்ட வீட்டிலும் அதன் மேல், கீழ் வீடுகளிலும் யாரும் குடியேறக் கூடாது.

செலவுக்கு எங்கே போவது என்று மலிவுவிலை அடுக்குமாடிகளின் நிர்வாகக் குழுக்கள் கேட்கும். நியாயமான கேள்விதான். பராமரிப்புக் கட்டணமே முழுமையாக வசூலாகாத இடங்கள் அவை. வீடிழந்தவர்களை நெடுநாள் வெளியே நிறுத்தவும் முடியாது. எனவே முதற்கட்டச் சோதனையின் செலவை மாநில அரசோ மாநகர் மன்றமோ ஏற்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சுத்தியலால் தட்டும் அந்தச் சோதனைக்கு அதிக நாள் பிடிக்காது. செலவு மிகுந்த ஆய்வு, ஐயம் எழும் இடங்களுக்கு மட்டும் போதும்.

அதைச் செய்ய ஆள் வேண்டும். நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் கட்டுமானப் பொறியியல் கற்பிக்கிறார்கள். எஸ்பிஎம் முடித்துத் துறை தேடும் நம் பிள்ளைகள், புதுக் கட்டடம் எழுப்பும் வேலையாக மட்டும் இதைப் பார்க்க வேண்டாம். எரிந்த கட்டடத்தைச் சோதித்து, "இங்கே வாழலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ துணிந்து கையெழுத்திடுவதும் இந்தத் துறையின் வேலைதான். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் வீடு திரும்புகிறது.