தத்தன் நின்ற வாசல்

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த திருக்கோவலூர், அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்று. அந்தகாசுரனை இறைவன் அடக்கிய தலம் என்று புராணம் போற்றும் அவ்வூரிலிருந்து சேதி நாட்டை ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். திருநீறு அணிந்தவரைச் சிவமாகவே கண்டு வணங்குவது அவர் இயல்பு. போர்க்களத்தில் அவரிடம் பலமுறை தோற்ற முத்தநாதன், அந்த இயல்பையே தனக்குக் கருவியாக்கிக் கொண்டான். மேனியெங்கும் நீறு பூசி, சடை முடித்து, கையில் ஒரு சுவடிக் கட்டுடன் அரண்மனைக்கு வந்தான். சுவடிக்குள் கத்தி மறைந்திருந்தது.

வாயில்கள் எல்லாம் அந்த வேடத்துக்கு வழிவிட்டன. கடைசி வாயிலில் நின்ற தத்தன் என்னும் காவலன் மட்டும், அரசர் துயில்கிறார், சமயம் அறிந்து செல்ல வேண்டும் எனத் தடுத்தான். தடையை மீறி உள்ளே சென்ற முத்தநாதன், எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகவும், அதனைத் தனிமையில்தான் உரைக்க வேண்டும் என்றும் கூறினான். அரசியார் விலகினார். வந்தவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்திவிட்டு, அரசர் கீழே தரையில் அமர்ந்தார். அவர் தலை தாழ்த்தி வணங்கிய வேளையில் சுவடி அவிழ்ந்தது. முத்தநாதன் நினைத்ததை முடித்தான்.

நாயனாரின் அன்புக்குச் சான்றாகவே இந்த வரலாறு பெரிதும் சொல்லப்படுகிறது. பிள்ளைகள் அலைபேசியில் பாடம் கேட்கும் காலத்தில், இதில் அடங்கிய வேறு இரண்டு செய்திகளும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. ஒன்று, கற்க அமர்ந்த அரசர் எப்படி அமர்ந்தார் என்பது. மற்றொன்று, தத்தன் எந்த வாசலில் நின்றான் என்பது.

ஒரே வீட்டில் இரண்டு பள்ளிக்கூடம்

திருக்கோவலூர் இடம்பெற்றுள்ள அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது சின்னசேலம். அதன் அருகே கனியாமூரில் இயங்கிய தனியார் பள்ளி ஒன்றில், 2022 ஜூலை 13 அன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரிழந்தார். அதற்கு நீதி கேட்டு எழுந்த போராட்டம், ஜூலை 17 அன்று வன்முறையாக மாறியது. பேருந்துகள் எரிந்தன. வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. பிள்ளைகளின் சான்றிதழ்கள் தீக்கு இரையாயின. பிள்ளைகள் அமர்ந்து படித்த பெஞ்சுகளைத் தலையில் சுமந்து சென்றவர்களும் இருந்தனர். எடுத்துச் சென்ற பொருள்களைத் திருப்பித் தருமாறு, பின்னர் சுற்றுவட்டக் கிராமங்களில் தண்டோரா போட வேண்டியதாயிற்று.

அந்த மரணத்தின் உண்மையை ஆராய்வது சட்டத்தின் பணி. மகளை இழந்த வீட்டின் துயருக்கு ஈடு சொல்ல எவராலும் இயலாது. அந்தத் துயரின் நிழலில், அதே பள்ளியில் பயின்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பாடங்கள் அலைபேசிக்கு மாறின. கொரோனா முடிந்தது, இனி அந்தச் சிறிய திரையைப் பார்க்க வேண்டியதில்லை என்று மகிழ்ந்திருந்தவர்கள் மீண்டும் அதன் முன் அமர்ந்தார்கள். 2022 டிசம்பர் 5 முதல், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளை மட்டும் சோதனை முறையில் நேரடியாக நடத்த உயர் நீதிமன்றம் இசைந்தது. கீழ் வகுப்புகளுக்கு இணையவழியே தொடர்ந்தது. அண்ணன் சீருடை அணிந்து புறப்பட, தம்பி கூடத்தில் அலைபேசியை நிறுத்தி வைத்துக்கொண்டு அமர வேண்டிய நிலை.

அண்ணனுக்கு மணி அடிக்கும், வரிசை இருக்கும், ஆசிரியரின் பார்வை இருக்கும். தம்பிக்கு அவை இல்லை. அவனுடைய ஒழுக்கத்தை அவனேதான் காக்க வேண்டும். இணையவழிக் கல்வி பிள்ளைகளுக்கு வைத்த உண்மையான தேர்வு அதுவே.

திரைக்கு அப்பால்

கோயிலில் நைவேத்தியத்தின்போது கருவறையின் முன் திரை போடுவார்கள். இறைவனைக் காண முடியவில்லை என்பதற்காக எவரும் அப்போது கால் நீட்டி அமர்வதில்லை. திரைக்குப் பின்னால் இருப்பவர் இருந்துகொண்டேதான் இருக்கிறார் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். அலைபேசித் திரைக்கு அப்பாலும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். கேமராவை அணைத்துவிட்டுப் படுக்கையில் புரளும் மாணவனை அவர் காணாமல் இருக்கலாம். அவன் வகுப்பில் இல்லை என்பதை அவன் மனம் அறியும்.

மாணவர் இயல்பைப் பழந்தமிழ் இலக்கணமாகவே வகுத்து வைத்தது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மாணாக்கரை எட்டு உவமைகளால் தரம் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் இடைத் தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடைத் தரம். இன்றைய இணைய வகுப்பைக் கண்டு எழுதியவை போலவே அவை பொருந்துகின்றன.

ஒரு செடியிலும் நிலைத்து மேயாமல் தாவித் தாவி நுனியைக் கடிப்பது ஆடு. பாடத்தின் நடுவே விளையாட்டுக்கும், அங்கிருந்து காணொலிக்கும், மீண்டும் பாடத்துக்கும் தாவும் விரல் அத்தகையது. குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிப்பது எருமை. மைக்கைத் திறந்து வைத்துக் கூச்சலிட்டு, தனக்கும் பிறருக்கும் பாடத்தைக் கெடுப்பவன் அதற்கு ஒப்பு. நெய்யரி நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். ஆசிரியர் கற்பித்ததை மறந்து, அவர் தடுமாறிய ஒரு நொடியை மட்டும் படம் பிடித்துக் கேலியாக்கி அனுப்புபவன் செய்வதும் அதுவே. வருகைப் பதிவில் பெயரை மட்டும் நிறுத்திவிட்டு எழுந்து போகிறவனிடம், ஓட்டைக் குடத்தில் போலவே, எதுவும் தங்குவதில்லை.

பசுவோ, கண்ட இடத்தில் நிறைய மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமர்ந்து அசை போடும். பதிவு செய்த பாடத்தை மாலையில் மீண்டும் ஒருமுறை கேட்டுக் குறிப்பெடுக்கும் பிள்ளை அந்தப் பசு. பள்ளிக் கரும்பலகை அழிக்கப்பட்டால் அழிந்ததுதான். இணையப் பாடத்தை மறுபடியும் கேட்க முடியும். அந்த வசதியைப் பயன்படுத்துவதே அன்னத்தின் அறிவு.

விதிகள் சொல்வது என்ன?

இந்த ஒழுக்கத்தை அரசுகளும் விதிகளாக வகுத்தன. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' நெறிமுறை, திரை நேரத்துக்கு எல்லை வகுத்தது. 1 முதல் 8 வகுப்பு வரை, நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட அமர்வுகள் இரண்டுக்கு மேல் கூடாது. 9 முதல் 12 வரை நான்குக்கு மேல் கூடாது. மழலையருக்கு 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வகுப்பு முடிந்ததும் அலைபேசியைக் கீழே வைப்பதும் மாணவ ஒழுக்கத்தின் ஒரு பகுதி என்பதே இதன் பொருள்.

2021 மே மாதம், சென்னையில் ஆசிரியர் ஒருவர் இணைய வகுப்பில் முறைகேடாக நடந்ததாகப் புகார் எழுந்தது. அதையடுத்துத் தமிழக அரசும் நெறிமுறைகளை வெளியிட்டது. ஆசிரியரும் மாணவரும் பள்ளிக்கு வருவது போலவே தகுந்த உடையணிந்து வகுப்பில் இருக்க வேண்டும், வகுப்புகள் பதிவு செய்யப்பட்டு ஆய்வு செய்யப்பட வேண்டும், பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்புக் குழு வேண்டும் என அவை கூறின. விதி, மாணவரை மட்டும் கட்டவில்லை. ஆசிரியரையும் சேர்த்தே கட்டியது.

இங்கேதான் முத்தநாதன் கேட்ட தனிமை நினைவுக்கு வருகிறது. கல்வியின் வேடத்தில் வருவன அனைத்தும் கல்வி அல்ல. கற்பிக்கிறவரை வணங்கு என்று பிள்ளைக்குச் சொல்லும் வீடு, இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெற்றோர் அறியக் கூடாத பாடம் என்று ஒன்று கிடையாது. எவரேனும் வீட்டில் சொல்லாதே என்று கூறி ஒரு செய்தியையோ படத்தையோ கேட்டால், அதை உடனே வீட்டில் சொல்வதுதான் நல்ல மாணவருக்கு அழகு. சொன்ன பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் கேட்பது பெற்றோருக்கு அழகு. உதவி வேண்டுவோருக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணும் உள்ளன.

எட்டாத அலை

ஒழுக்கத்தை எதிர்பார்க்கும் முன் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதும் அறமே. சின்னசேலத்துக்கு வடக்கே எழும் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றிய சிற்றூர்கள் பலவற்றில் அலைபேசித் தொடர்பு எளிதில் எட்டாது. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்த்து ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்பது, நீர் இல்லாத ஊரில் ஏன் நீராடவில்லை என்று கேட்பது போலாகும். சமவெளியிலும், அப்பா வேலைக்குக் கொண்டுசெல்லும் ஒரே அலைபேசிக்காகக் காத்திருந்த பிள்ளைகள் உண்டு.

கல்வித் தொலைக்காட்சி அந்தக் குறையை ஓரளவு நிரப்பியது. 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வகுப்புகளுக்கும், நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வகுப்புகளுக்கும் பள்ளிகள் திறந்தன. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் பிள்ளைகளை அருகிலேயே கூட்டி அமர்த்திக் கற்பித்தார்கள். விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் மீட்டது, மனிதர் மனிதரோடு அமர்ந்த அந்த மாலைப் பொழுதே. வசதி உள்ள பிள்ளை தன் குறிப்பேட்டை வசதியற்ற தோழனுக்குக் கொடுப்பதை எந்த விதியும் கேட்கவில்லை. கேட்காமலே செய்யத் தக்க ஒழுக்கம் அது.

பெரியவர்களின் வாசல்

பிள்ளைகளிடம் இத்தனை கேட்கும் பெரியவர்கள் தங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடம் நடக்கும் கூடத்தில் தொலைக்காட்சித் தொடர் அலறினால், தம்பி எப்படிக் கேட்பான்? இணையத் தேர்வில் திரைக்கு வெளியே அமர்ந்து விடையைக் காதில் ஓதும் தாய், மகனுக்கு மதிப்பெண் சேர்ப்பதாக நினைக்கிறார். யாரும் பார்க்காவிட்டால் பொய் சொல்லலாம் என்ற பாடத்தை அவன் அன்று அவரிடமே கற்கிறான்.

இதனினும் பெரியது ஒன்று உண்டு. கனியாமூரில் அன்று கூட்டம் திரள, வாட்ஸ்அப் குழுக்களிலும் சமூக ஊடகங்களிலும் பரவிய செய்திகளே தூண்டுதல் ஆயின என்று காவல்துறை கூறியது. ஜூலை 17 அன்று நெருப்பை அழைத்து வந்த அதே கருவிதான், சில நாள்களில் அதே பிள்ளைகளுக்குப் பாடத்தையும் கொண்டுவந்தது. சுவடி ஒன்றுதான். உள்ளே ஆகமமா, கத்தியா என்பது அதைக் கொண்டுவருபவரைப் பொறுத்தது. உள்ளே விடுவதும் விடாததும் வாசலில் நிற்பவரைப் பொறுத்தது. உறுதி செய்யாத செய்தியைப் பகிராமல் நிறுத்தும் தந்தையைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, இணைய ஒழுக்கத்தைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

வீடுகள் செய்யத் தக்கவை மிகச் சில. அலைபேசிக்கு, கதவு மூடிய அறையில் அல்லாமல், கூடத்தில் ஓர் இடம் இருக்கட்டும். முகம் கழுவி, நெற்றியில் நீறோ குங்குமமோ இட்டு, பள்ளிக்குப் போவது போல் உடுத்தி, தரையில் நிமிர்ந்து பிள்ளை அமரட்டும். தொடங்கும்போதும் முடியும்போதும் ஆசிரியருக்கு ஒரு வணக்கம். முடிந்ததும், இன்று என்ன கேட்டாய் என்று வீட்டில் ஒருவர் கேட்பது. பிறகு, விளக்கேற்றும் வேளையில் பெரியவர் கையிலும் அலைபேசி இல்லாதிருப்பது.

மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு, அவர் விழுந்ததோடு முடியவில்லை. வாளை உருவிய தத்தனை அவர் தடுத்தார். வந்தவர் நம்மவர், அவருக்கு இடையூறு நேராமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடு என்று பணித்தார். செய்தி கேட்டு நகரமே சினந்து சூழ்ந்தது. தத்தன் வாளைத் தன் அரசரைக் கொன்றவன் மேல் வீசவில்லை. கூட்டத்தைத் தடுத்து நிறுத்தவே அதை ஏந்தினான். அவனை எல்லை கடத்திவிட்டுத் திரும்பி வந்து சொல்லும் வரை, அரசர் உயிரைத் தாங்கிக் காத்திருந்தார்.

கார்த்திகை மாத உத்திர நாள் நாயனாரின் குருபூஜை. அன்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் சந்நிதிக்குச் செல்லும் குடும்பங்கள், கற்க அமர்ந்த அரசரைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டட்டும். இரண்டு முறை வாசலில் நின்றவன் தத்தன். ஒருமுறை வேடத்தைத் தடுக்க, ஒருமுறை கூட்டத்தைத் தடுக்க. அவனைப் பெற்றோர் தாமே எண்ணிக்கொள்ளட்டும்.